ரெண்டு மாச மாத்திரை எப்படி நாலு மாசம் வருது?

கேள்வி: அம்மாவுக்கு 67 வயசு, ஊர்ல தனியா இருக்காங்க. பிரஷருக்கு டெல்மிசார்டன் 40, மெட்டோப்ரோலால் எக்ஸ்எல் 50, தினம் ஒவ்வொண்ணு. முழுசா போட்டா தலை சுத்துதுன்னு பிளேடால வெட்டி டப்பால போட்டு அடுப்பு மேடைல வச்சுக்கிட்டு, காலைல பாதி ராத்திரி பாதி போடுறாங்க. பொங்கலுக்கு வாங்கிக் குடுத்த ரெண்டு மாச மாத்திரை சித்திரை முடிஞ்சும் தீரல, சிக்கனமானவங்க. இப்படிப் போடலாமா? எந்த நேரம் நல்லது?

பதில்: தம்பி, மொதல்ல கணக்கு போடுங்க. காலைல பாதி ராத்திரி பாதின்னா நாளைக்கு ஒண்ணு ஆச்சு, பங்குனி பொறக்கறப்பவே தீந்திருக்கணும். இன்னும் இருக்குன்னா அம்மா ஒரு நாளைக்குப் பாதிதான் போடுறாங்க, இல்ல பல நாள் போடுறதே இல்ல, உங்ககிட்ட வேற சொல்றாங்க. அதைப் போயி சிக்கனம்னு எழுதியிருக்கீங்களே! மாத்திரை தீந்துடுச்சுப்பான்னு பிள்ளைக்கு போன் போட கூச்சப்பட்டு இழுத்துப் பிடிக்கிற அம்மாக்கள் பத்தி எனக்கு எத்தனையோ லெட்டர் வந்துடுச்சு. பெத்தவங்க கேட்டு நாம வாங்கித் தர்றதுன்னு வச்சதே தப்பு, தீர்றதுக்கு முன்னாடி நீங்களா கொண்டு போயி வைக்கணும், அது உங்க கடமை.

இதுல பெரிய ஆபத்து என்னன்னா, டாக்டர் பிரஷர் பாப்பாரு, கூட இருக்கும், இந்த டோஸ் பத்தலன்னு ஏத்தி எழுதுவாரு, அம்மா என்னைக்காவது பயந்து முழுசா போட்டா சர்ருன்னு இறங்கி பாத்ரூம்ல விழுவாங்க. மெட்டோப்ரோலாலை திடீர்னு நிறுத்துறதும் நெஞ்சுக்கு ஆகாது.

வெட்டுறதப் பத்தி: எக்ஸ்எல்னா நாள் முழுக்க மெதுவா கரையற மாத்திரை. நடுவுல கோடு இருந்து டாக்டரும் சொன்னா கோட்டோட உடைக்கலாம், நசுக்கவோ மெல்லவோ கூடாது. டெல்மிசார்டன் ஈரத்தை இழுக்கும், போடுற நேரத்துலதான் ஸ்ட்ரிப்ல இருந்து எடுக்கணும், அடுப்பு மேடை ஆவில கெடக்கற பாதியெல்லாம் தூக்கிப் போடுங்க. நேரத்துக்கு வந்தா, பிரிட்டன்ல 21,000 பேருக்கு மேல வச்சுப் பாத்து 2022ல சொன்னாங்க, காலைல போட்டாலும் ராத்திரி போட்டாலும் மாரடைப்பு, பக்கவாதம் விஷயத்துல வித்தியாசம் இல்லன்னு. மறக்காம தினம் ஒரே நேரத்துல போட்டா போதும்.

தலைசுத்தல் நிஜமாவும் இருக்கலாம், அதுக்காக இன்னைலேருந்து முழுசா போடும்மான்னு நீங்களா போன்ல அதட்டாதீங்க. இந்த வாரமே லீவு போட்டுட்டு ஊருக்குப் போங்க, மிச்ச மாத்திரைய எண்ணுங்க, அம்மாவ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயி எவ்வளவு போட்டாங்கன்னு உள்ளத சொல்லி, உக்காந்து ஒரு தடவ நின்னு ஒரு தடவ பிரஷர் பாக்கச் சொல்லுங்க. டோஸ அவரு முடிவு பண்ணட்டும். செலவுதான் அம்மாவுக்குக் கவலைன்னா அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல பிரஷர் மாத்திரை இலவசம், மக்களைத் தேடி மருத்துவம் 2021லேருந்து இருக்கு, அங்கயே பதிவு பண்ணிட்டு வாங்க. அம்மாவத் திட்டாதீங்க.