வேதாகமத்தின் யுத்தங்களை மனத்தின் யுத்தங்களாக வாசிக்கலாமா?

வேதாகமத்தில் வரும் யுத்தங்களையும் சாபங்களையும் மனத்தை அடக்கும் வழிகாட்டியாக வாசிப்பது முறையா, வசனத்தை நம் வசதிக்கு வளைப்பதாகிவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். முறைதான், ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் வேதாகமத்தின் பாடல்களாகிய சங்கீதங்களை வரிசையாக வாசிப்போம். 137-ஆம் சங்கீதத்தை மட்டும் அப்பா எட்டாம் வசனத்தோடு நிறுத்திவிடுவார். (எட்டாவதும் பழிவாங்குவதைத்தான் பேசுகிறது என்பது வேறு.) பாபிலோனின் குழந்தைகளைக் கல்லின்மேல் மோதியடிக்கிறவன் பாக்கியவான் என்னும் ஒன்பதாம் வசனத்தைப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் பாயில் எப்படி வாசிப்பது? மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன், அந்தக் குழந்தைகள் மனத்தில் அப்போதுதான் பிறக்கும் தீய எண்ணங்கள் என்றும், அவை வளருமுன்னே தேவவார்த்தையின் உறுதியில் மோதி அழிக்கப்பட வேண்டும் என்றும் விளக்கினார். இஸ்ரவேலரின் தலைவன் யோசுவா போரில் வென்ற கானானிய மக்களையும் அவர் நமக்குள் குடியிருக்கும் இச்சைகளாகவே கண்டார்.

பிறந்தவுடன் என்பதில்தான் இதன் பயன் முழுவதும் இருக்கிறது. பக்கத்து வயல்காரர் முறை தவறி மடையைத் திறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும், நாளைக்கு ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று தோன்றுகிறது. அதை அப்படியே விட்டுவைத்தால், இரவுச் சாப்பாட்டுக்கு உட்காருவதற்குள் அவருடைய பாட்டனார் காலத்து வரப்புத் தகராறு வரைக்கும் மனம் போய்விடுகிறது. எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்து 399-இல் மறைந்த துறவி எவாக்ரியஸ், எண்ணங்கள் வருவதும் வராததும் நம் கையில் இல்லை, அவை தங்குவதும் தங்காததும் நம் கையில் இருக்கிறது என்றார். அவர் வழிவந்த துறவி காசியன், இடைவிடாமல் சொல்லிக்கொள்ள 70-ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தைக் கொடுத்தார்: "தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்." கோபம் தலைதூக்கும் கணத்தில் நீண்ட ஜெபம் வராது, இந்த ஒரு வரி வரும்.

இப்படி உட்பொருள் காண்பது நம் பகுதிக்கு அந்நியமும் அன்று. திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் 1827-இல் பிறந்த கவிஞர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனின் மோட்சப் பயணக் கதையைத் தழுவி, ஆன்மாவின் பயணத்தையே இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியமாகப் பாடினார்.

எல்லை என்றது இதைத்தான். 137-ஆம் சங்கீதம் எருசலேமை இழந்து சிறைப்பட்டுப் போன மக்களின் அழுகை. அவர்களுடைய துயரத்தைக் கேட்காமல் நேரே உட்பொருளுக்குத் தாவுகிறவர், தமக்குப் பிடித்ததை எல்லாம் வசனத்தின் தலையில் ஏற்றிவிடுவார். உட்பகைவனைத் தேடப் புறப்பட்டு, கடைசியில் கானானியனைப் பக்கத்து வீட்டில் கண்டுபிடிக்கிறவர்களும் உண்டு. மேலும், இச்சையடக்கத்தைப் பவுல் எழுதிய கலாத்தியர் நிருபம் பரிசுத்த ஆவியின் கனிகளில் ஒன்றாகவே வைக்கிறது. அதைத் தம் சொந்தச் சாதனையாக எண்ணத் தொடங்குகிறவர், அடக்கியதாக நினைக்கும் கோபத்தைவிடப் பெரிய பெருமையை வளர்த்துக்கொள்கிறார். புதிதாகத் தொடங்குகிறவர் யோசுவாவை இப்போதைக்கு விட்டுவிட்டு, தன் மனதை அடக்குகிறவனைப் பட்டணத்தைப் பிடிக்கிறவனுக்கு மேலாக வைக்கும் நீதிமொழிகள் 16:32 போன்ற நேரடியான வசனங்களில் சில மாதங்கள் பழகுவது நல்லது.