மாலத்தீவில் மாலை ஆறு மணிக்கு மேல்

கேள்வி: எங்கள் பத்தாவது திருமண நாளுக்காக நாங்கள் இருவரும், நண்பரும் அவர் மனைவியுமாக நால்வர் மாலத்தீவு போகிறோம். மொத்தம் ஆறு இரவு. முதல் மூன்று இரவு கடல் விமானத்தில் போய்ச் சேரும் ரிசார்ட், அடுத்த மூன்று இரவு மாஃபுஷி தீவில் கெஸ்ட் ஹவுஸ். மாலே விமான நிலையத்தில் இறங்குவது மாலை ஐந்து மணிக்கு. திரும்பும் விமானமும் மாலையில்தான். பகலுக்குக் கடல் இருக்கிறது, சரி. இரவில் என்ன செய்வது? பாட்டு, டான்ஸ், பார் எல்லாம் இருக்குமா? டியூட்டி ஃப்ரீயில் ஒரு பாட்டில் வாங்கிப் போகலாமா?

பதில்: பாட்டில் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். வாங்காதீர்கள். மாலத்தீவுக்குள் மது கொண்டுபோகத் தடை இருக்கிறது. பெட்டியை ஸ்கேன் செய்யும்போதே தெரிந்துவிடும். பொதுவாக, சுங்கத் துறையினர் எடுத்து வைத்துக்கொண்டு ரசீது தருவார்கள், ஊர் திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம். விடுமுறை முழுக்க அது அவர்கள் அலமாரியில்தான் இருக்கும். இ-சிகரெட்டும் 2024 கடைசியிலிருந்து தடை. சுற்றுலாப் பயணி என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

அடுத்தது நீங்கள் கேட்காத விஷயம். உங்கள் முதல் இரவே சிக்கலில் இருக்கிறது. கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். மாலத்தீவில் ஆண்டு முழுக்க ஆறு மணியை ஒட்டியே சூரியன் மறைந்துவிடும். மாலை மூன்றரைக்குள் தரையிறங்கினால்தான் அன்றே ரிசார்ட் போய்ச் சேர முடியும் என்று பெரும்பாலான ரிசார்ட்கள் சொல்கின்றன. ஐந்து மணிக்கு இறங்கினால் அன்றிரவு மாலேயிலோ பக்கத்து ஹுல்ஹுமாலேயிலோ அறை தேட வேண்டியதுதான். ரிசார்ட்டில் அந்த இரவுக்குக் கட்டிய பணம் போனது போனதுதான்.

அதனால் முடிந்தால் வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் மாஃபுஷி, பிறகு ரிசார்ட். மாஃபுஷிக்கு ஸ்பீட் போட் இருட்டிய பிறகும் உண்டு, முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். வெள்ளிக்கிழமை இறங்குவதாக இருந்தால் மட்டும் படகு நேரத்தைக் கெஸ்ட் ஹவுஸிடம் முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள், அன்று அங்கே விடுமுறை. திரும்பும் விமானம் மாலையில் என்பதால் கடைசி நாள் ரிசார்ட்டிலிருந்து கிளம்புவதில் சிரமம் இல்லை.

ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்கு நடந்துபோய் வேறு கடை, வேறு பாட்டு என்று மாற்றிக்கொள்கிற இரவு மாலத்தீவில் கிடையாது. தீவுகள் ஆயிரத்துக்கு மேல் இருந்தாலும், இருட்டிய பிறகு நீங்கள் இருக்கும் தீவுதான் உங்கள் உலகம். அங்கே இல்லாதது அன்றிரவு இல்லை. எந்தத் தீவில் அறை போடுகிறீர்களோ, அப்போதே உங்கள் இரவையும் தேர்ந்தெடுத்துவிடுகிறீர்கள்.

மாஃபுஷி மக்கள் வசிக்கும் தீவு. அங்கே மது விற்பனை கிடையாது, டிஸ்கோவும் கிடையாது. நீச்சலுடை அதற்கென்று ஒதுக்கிய கடற்கரையில் மட்டும். தெருவில் நடக்கும்போது தோளும் தொடையும் மூடிய உடை போதும். தொழுகை நேரத்தில் கடைகள் சிறிது நேரம் மூடும், வாசலில் நின்று கதவைத் தட்டாதீர்கள். மது வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. தீவுக்கு வெளியே கடலில் நங்கூரமிட்டு நிற்கும் படகு பார்கள். சின்னப் படகில் கரையிலிருந்து அழைத்துப்போய் மறுபடி கொண்டுவந்து விடுவார்கள். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் தெருவில் சத்தம் போடாமல் அறைக்குப் போய்விடுங்கள், அது மற்றவர்கள் குடியிருக்கும் ஊர்.

ஆனால் என்னைக் கேட்டால் மாஃபுஷி மாதிரி ஊர்த் தீவில் மாலையைப் படகு பாரில் கழிப்பது வீண். வெயில் தாழ்ந்ததும் ஊரே வெளியே வந்துவிடும். கயிற்றுவலை பின்னிய ‘ஜோலி’ நாற்காலிகளில் பெரியவர்கள் சாய்ந்து கதை பேசுவார்கள். அதிர்ஷ்டம் இருந்தால் பெண்கள் ‘பாஷி’ ஆடுவதைப் பார்க்கலாம். டென்னிஸ் மட்டையோடு வலைக்கு முதுகு காட்டி நின்று, பந்தைத் தலைக்கு மேல் பின்பக்கமாக அடிப்பார்கள், எதிர்ப்பக்கம் இருப்பவர்கள் அதைக் கையால் பிடிக்க வேண்டும். பார்க்கச் சுலபமாகத் தெரியும்!

மீன்பிடிப் படகில் போவதற்கும் மாஃபுஷிதான் சரி. சூரியன் மறையும் நேரத்தில் ‘தோணி’யில் கிளம்புவார்கள், மாலத்தீவிலும் அதற்கு அதே பெயர்தான். தூண்டில் கோல் கிடையாது, கையில் நூல் மட்டும். பவளத்திட்டு ஓரம் நங்கூரம் போட்டு, இரை மாட்டிய தூண்டிலைத் தரை தட்டும்வரை விட்டு, ஒரு முழம் மேலே இழுத்து விரலில் பிடித்துக் காத்திருக்க வேண்டும். இருட்ட இருட்டத்தான் மீன் கடிக்கும். பிடித்ததை இரவே சுட்டுத் தரும் கெஸ்ட் ஹவுஸ்கள் உண்டு. படகு நின்றபடி ஆடும்போதுதான் குமட்டும். அதற்கான மாத்திரையைப் படகேறி வயிறு கலங்கிய பிறகு போட்டுப் பயனில்லை, அரை மணி நேரம் முன்பே போடுங்கள்.

இப்போது ரிசார்ட். மதுவுக்கு அங்கே தடையில்லை, பாரும் உண்டு. ஆனால் நடனத் தளம் நிரம்பி வழியும் என்று கற்பனை செய்யாதீர்கள். வந்திருப்பவர்களில் பாதிப் பேர் தேனிலவு ஜோடிகள், பத்து மணிக்கே காணாமல் போய்விடுவார்கள். வாரத்தில் ஓரிரு நாள் டிஜே, ஒரு நாள் நேரடிப் பாட்டு, ஒரு நாள் மணலில் திரை கட்டிப் படம், இவ்வளவுதான் வழக்கம். மூன்றே இரவு தங்குகிறவர்களுக்கு எது எந்தக் கிழமை என்பதுதான் முக்கியம். அந்த வார நிகழ்ச்சிப் பட்டியலை இப்போதே மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். அதில் ‘போடு பெரு’ இருக்கிறதா என்று பாருங்கள். மாலத்தீவு மக்கள் பேசும் திவேஹி மொழியில் அதற்குப் பெரிய மேளம் என்று அர்த்தம். ஒருவர் பாட, மற்றவர்கள் திருப்பிப் பாட, மேளம் தூக்கம் வருகிற வேகத்தில்தான் தொடங்கும். முதல் ஐந்து நிமிடத்தில் எழுந்து போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் பொறுங்கள். வேகம் ஏறி ஏறி, கடைசியில் ஆடுகிறவர்கள் சாமி வந்தவர்கள் போலிருப்பார்கள். உங்களையும் கையைப் பிடித்து இழுப்பார்கள். நீங்கள் கேட்ட டான்ஸ் அதுதான்.

பார் பில்லில் ஒரு கணக்கு இருக்கிறது. மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு பிளஸ் குறி இருந்தால் 10 சதவீத சேவைக் கட்டணமும், அதற்கு மேல் 17 சதவீத சுற்றுலா வரியும் சேரும். 15 டாலர் காக்டெய்ல் 19 டாலரைத் தாண்டிவிடும். நால்வரும் தினமும் இரண்டு மூன்று கிளாஸ் குடிப்பவர்கள் என்றால் சாப்பாடும் மதுவும் சேர்த்து ஒரே கட்டணமாக வாங்கும் ஆல் இன்க்ளூசிவ் திட்டத்தை விசாரியுங்கள். ஒருவர்தான் குடிப்பார் என்றால் வேண்டாம், பல இடங்களில் அறையில் இருக்கும் எல்லோருக்குமே அந்தத் திட்டத்தை எடுக்க வேண்டியிருக்கும்.

சில ரிசார்ட்களில் கடிகாரத்தையே மாலே நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தி வைத்திருப்பார்கள். அங்கே சூரியன் ஏழு மணிக்கு மறையும். அதனால் கடல் விமானம் எந்த நேரக் கணக்கில் என்று கேட்காமல் விடாதீர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு உங்கள் நண்பருக்கு அசல் பார், சத்தமான பாட்டு, கூட்டம் வேண்டும் என்றால், மாலேயிலிருந்து ஸ்பீட் போட்டில் கால் மணி நேரத் தூரத்தில் இருக்கும் கிராஸ்ரோட்ஸைச் சொல்வேன். கடைகளும் உணவகங்களும் பாரும் ஒரே படகுத்துறையைச் சுற்றி இருக்கும், வெளியாட்களும் போகலாம். ஒரு இரவு அங்கே, மற்றவை ரிசார்ட்டில் என்று பிரிக்கலாம். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை, வேறு எந்த ஊரிலும் பார்க்கக்கூடியதுதான்.

தேதி இன்னும் உறுதியாகவில்லை என்றால் அமாவாசையை ஒட்டிப் போகப் பாருங்கள். நிலா இல்லாத சில இரவுகளில் அலை உடையும் இடத்தில் நீலமாக ஒளிரும், தண்ணீரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் வேலை அது. ரா பவளத்தீவுக் கூட்டத்தில் உள்ள வாது தீவின் படங்களைப் பார்த்துவிட்டு அங்கேதான் தெரியும் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை, எந்தத் தீவிலும் தெரியலாம், அங்கேயே போனாலும் தெரியாமலும் போகலாம். அதற்கென்று தனியாகப் பணம் கட்டாதீர்கள். விளக்கில்லாத பக்கமாகப் போய், போனை அணைத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் உட்காருங்கள். பிறகு ஈர மணலைக் காலால் தேய்த்துப் பாருங்கள்.