ரிமூவ், டிலீட்: ஒன்றா, வேறா?

கேள்வி: ஐஃபோன் ஆல்பத்திலிருந்து ஒரு படத்தை எடுக்கப் போனால் ‘ரிமூவ் ஃப்ரம் ஆல்பம்’, ‘டிலீட்’ என்று இரண்டு காட்டுகிறது. எதை அழுத்த?

பதில்: ஆல்பம் வெறும் பட்டியல்தான். படம் இருப்பது நூலகத்தில். ரிமூவ் கொடுத்தால் பட்டியலிலிருந்து பெயர் மட்டும் போகும், படம் பத்திரமாக இருக்கும். டிலீட் கொடுத்தால் படமே போகும், அது இருந்த எல்லா ஆல்பத்திலிருந்தும் போகும். ‘ரீசன்ட்லி டிலீட்டட்’ பகுதியில் 30 நாள் கிடக்கும், அதற்குள் மீட்கலாம். அழுத்துமுன் ‘எங்கிருந்து?’ என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆப்பை எடுக்கும்போதும் இரண்டும் வருகிறதே?

பதில்: 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதல் அப்படித்தான். ‘ரிமூவ் ஃப்ரம் ஹோம் ஸ்க்ரீன்’ ஐகானை மட்டும் எடுக்கும். எல்லா ஆப்பும் இருக்கும் ஆப் லைப்ரரியில் அது இருக்கும். ‘டிலீட் ஆப்’ கொடுத்தால் ஃபோனில் அது சேர்த்த தரவும் சேர்ந்து போகும்.

கேள்வி: நிரல் எழுதும்போதும் இதே விதிதானா?

பதில்: இல்லை, இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். பைத்தான் நிரல்மொழியில் லிஸ்ட் என்ற பட்டியலின் ரிமூவ், பொருந்தும் முதல் மதிப்பை மட்டும் எடுக்கும். அதே பைத்தானில் கோப்புகளைக் கையாளும் ஓஎஸ் மாட்யூலின் ரிமூவ், கோப்பையே அழித்துவிடும். சி++ நிரல்மொழியின் நூலகத்தில் உள்ள ரிமூவ் இன்னும் விசித்திரம்: வேண்டியவற்றை முன்னே நகர்த்தும், வெக்டர் என்ற பட்டியலின் நீளம் அப்படியே இருக்கும். மிச்ச வாலை வெட்ட எரேஸ் வேண்டும். தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல்லில் டிலீட் வரிகளை அழிக்கும், டேபிள் நிற்கும்; டேபிளே போக ட்ராப். எந்த வரி என்று சொல்லும் ‘வேர்’ (where) நிபந்தனை போடாமல் டிலீட் ஓட்டினால் எல்லா வரியும் காலி. எங்கிருந்து, எதை என்று பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப் குழுவில் ஒருவரை ரிமூவ் செய்தால் அவர் போட்ட பழைய செய்திகள் அழியுமா?

பதில்: அழியாது. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: தமிழில் இரண்டுக்கும் ‘நீக்கு’ போதுமே?

பதில்: போதாது. பதவியிலிருந்து நீக்கினார்கள் என்றால் ஆள் இருக்கிறார், பதவிதான் போனது. ‘இலிருந்து’ வந்தால் ‘நீக்கு’, பொருளே போனால் ‘அழி’. இந்தக் கோட்டை நம் மொழியே போட்டு வைத்திருக்கிறது.

கேள்வி: ‘அழி’ என்றால் நாசம் செய் என்று படுகிறது. பொத்தானில் எப்படி வைப்பது?

பதில்: பலகையில் எழுதியதை என்ன செய்கிறோம்? அழிக்கிறோம். கையில் வைத்திருப்பது அழிப்பான். அந்த ‘அழி’தான் இது. கொஞ்சம் கடுமையாக ஒலித்தால் நல்லதே, விரல் ஒரு நொடி தயங்கும்.

கேள்வி: படம் போய்விட்டது, மீட்க எந்த மென்பொருள்?

பதில்: ‘ரீசன்ட்லி டிலீட்டட்’ பாருங்கள். அங்கே இல்லையென்றால் தரவு மீட்பு தெரிந்தவரிடம் கேளுங்கள், அது என் துறை இல்லை.

கேள்வி: ‘நீக்கு’வுக்குப் பதில் ‘அகற்று’ வைக்கலாமா? எங்கள் பாட்டு ஆப்பில் ‘பட்டியலிலிருந்து அழி’ என்றே இருக்கிறது.

பதில்: ‘அகற்று’ தாராளமாக வைக்கலாம், ஆப் முழுக்க அதையே வையுங்கள். ‘பட்டியலிலிருந்து அழி’யை இன்றே மாற்றுங்கள், பாட்டே போய்விடுமோ என்று பயந்து யாரும் அழுத்தமாட்டார்கள். உங்கள் ஆப்பில் ரிமூவ் அல்லது டிலீட் வரும் வரிகளை மட்டும் அனுப்புங்கள், ஒவ்வொன்றாகப் பார்த்துத் தருகிறேன்.