சத்து மாத்திரைதானே? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வியாசர்பாடியில் இருபது வருடமாக மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். பழைய சென்னை மருத்துவர்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில், ‘சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்தார்’ என்று ஒரு வரி வருகிறது. படித்ததும் பெருமையாக இருந்தது. பி.ஃபார்ம் படிக்கும் என் மகளிடம் காட்டினேன். அவள் 1948ஆம் ஆண்டு வெளிவந்த மூலக் கட்டுரையைத் தேடி எடுத்துவிட்டாள். ஐந்து பேர் பெயர் இருக்கிறது. சுப்பாராவ் பெயர் இல்லை. தலைப்பிலேயே ‘தற்காலிகத் தணிவு’ என்றுதான் போட்டிருக்கிறார்கள். அப்படியானால் அவர் கண்டுபிடித்தது என்ன? பெயரைத் திருடிவிட்டார்களா? நோபல் ஏன் கிடைக்கவில்லை?

இன்னொன்று. மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து, ஃபோலிக் அமிலத்துக்கு எதிரி என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் கடைக்கு வரும் மூட்டுவாதச் சீட்டுகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. எங்கள் தெருவில் ஏழு வயதுப் பையன் ஒருவனுக்கு இரத்தப் புற்றுநோய். அவனுக்கும் இதே மெத்தோட்ரெக்சேட்தான், ஆனால் ஃபோலிக் ஆசிட் எழுதவில்லை. ‘பிள்ளை வெளுத்துப்போயிருக்கிறான், சத்து மாத்திரைதானே, கொடுங்கள் அண்ணா’ என்று அவன் அம்மா கேட்கிறார். கொடுக்கலாமா?

– ஒரு வாசகர், வியாசர்பாடி

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: கொடுக்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர் கைப்பட எழுதினால் ஒழிய, வேண்டாம். ஏன் என்பதில்தான் நீங்கள் கேட்ட முழுக் கதையும் இருக்கிறது.

அடுத்து என் தவறு. ‘மருந்து கண்டுபிடித்தார்’ என்று எழுதியது சோம்பேறித்தனம். நம்மூரில் படித்தவர் என்ற பெருமையில் பேனா ஓடிவிட்டது. உங்கள் மகளுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். கட்டுரையைப் படித்துவிட்டு மூலத்தைத் தேடிப் போகிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருந்தால் என்னைப் போன்றவர்கள் கொஞ்சம் கவனமாக எழுதுவோம்.

சுப்பாராவ் 1895இல் பீமவரத்தில் பிறந்தவர். திருவல்லிக்கேணியில் பள்ளி, பிறகு மாநிலக் கல்லூரி, பிறகு மருத்துவக் கல்லூரி. நீங்கள் வியாசர்பாடி ஜீவாவில் மின்சார ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜ் தாண்டி சென்ட்ரலில் இறங்கினால் எதிரே நிற்கும் அதே கல்லூரிதான். காந்தியின் அழைப்பைக் கேட்டு, அறுவை சிகிச்சைக் கூடத்துக்குக் கதர் அங்கி அணிந்து போனார். பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. 1920களின் தொடக்கத்தில் பாஸ்டனுக்குப் போனார். அவருடைய சகோதரர்கள் இருவர் ஸ்ப்ரூ என்ற வயிற்று நோயில் இறந்திருந்தார்கள். பழைய வைத்தியர்கள் கிராணி என்று சொன்ன வகை. உண்ட உணவு உடம்பில் ஒட்டாது, இரத்தம் வற்றும், ஆள் கரைந்து போவார். அந்த நோய்க்கு மருந்து தேடும் எண்ணம் அவரை விடவே இல்லை.

இதே போன்ற ஒரு சோகையை பம்பாய் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் கர்ப்பிணிப் பெண்களிடம் கண்டவர் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். ஈஸ்ட் சாறு கொடுத்தால் அது குணமாகிறது என்று 1931இல் எழுதினார். சாற்றில் இருந்த அந்தப் பொருளை 1941இல் கீரையிலிருந்து பிரித்தெடுத்தபோது, இலைக்கு உரிய லத்தீன் சொல்லை வைத்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். அதைச் செயற்கையாகத் தயாரித்தது அமெரிக்காவின் லெடர்லி நிறுவனம். அங்கே ஆராய்ச்சித் தலைவர் சுப்பாராவ். சகோதரர்களைக் கொண்டுபோன நோய்க்கு மருந்து கைக்கு வந்துவிட்டது, கால் நூற்றாண்டு தாமதமாக.

இப்போது உங்கள் தெருவின் அந்த அம்மாவுக்கு வருவோம். வெளுத்த பிள்ளைக்குச் சத்து மாத்திரை கொடுத்தால் என்ன என்று அவர் கேட்கிறார். அவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் நோய்க்கூறியல் நிபுணர் சிட்னி ஃபார்பர் இதே கேள்வியைக் கேட்டார். இரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகளுக்கு ஃபோலிக் அமிலச் சேர்மங்களைக் கொடுத்தும் பார்த்தார். நோய் தணிவதற்குப் பதிலாக வேகம் எடுத்ததைக் கண்டார். கெட்ட செல்லுக்கும் அது சத்துதான்! அவருடைய பெருமை அந்தத் தோல்வியைத் திருப்பிப் போட்டு யோசித்ததில் இருக்கிறது: சத்து நோயை வளர்க்கிறது என்றால், சத்தைப் போல வேடமிட்டு வரும் போலி ஒன்று நோயைப் பட்டினி போடுமா?

போலிகள் லெடர்லியில் இருந்தன. ஃபோலிக் அமிலத்தின் ஒரு மூலையில் உள்ள ஒரு சிறு தொகுதியை மட்டும் மாற்றி வைத்த, மெத்தோட்ரெக்சேட்டின் நெருங்கிய உறவான அமினோப்டெரின் அவற்றில் ஒன்று. அதைச் செய்து 1947இல் வெளியிட்ட வேதியியலாளர்கள் சீகர், ஸ்மித், ஹல்ட்குவிஸ்ட். ஆக, செய்தவர்கள் பெயர் வேதியியல் கட்டுரையில் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தவர்கள் பெயர் மருத்துவக் கட்டுரையில் இருக்கிறது. திருட்டு எதுவும் இல்லை. சுப்பாராவ் அந்தப் பட்டறையை நடத்தியவர். பட்டறைக்காரர் பெயரை யாரும் கொலுசில் பொறிப்பதில்லை.

ஃபார்பர் குழுவின் அந்த 1948 கட்டுரையின் முடிவு இது: அமினோப்டெரின் கொடுத்தது பதினாறு பிள்ளைகளுக்கு, பத்துப் பேருக்கு நோய் தணிந்தது. சில மாதங்கள். பிறகு திரும்பிவிட்டது. ‘தற்காலிக’ என்ற அந்தச் சொல்லைத் தலைப்பிலேயே வைத்தார்களே, அதற்காகவே நான் அந்த ஐவரையும் மதிக்கிறேன். இன்று ஒரு எலி பிழைத்தாலே ‘புற்றுநோய்க்குத் தீர்வு’ என்று கைப்பேசியில் செய்தி வந்துவிடுகிறது. கட்டுரை ஜூன் மாதம் வந்தது. ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார், 53 வயதில். இறந்தவர்களுக்கு நோபல் கொடுப்பதில்லை; ஃபார்பருக்கும்தான் கிடைக்கவில்லை, லூசி வில்ஸுக்கும் இல்லை. ஆனால் ஒரு வேடிக்கை. அந்தப் பையனின் சீட்டில் தினமும் விழுங்க மெர்காப்டோபியூரின் என்று இன்னொரு மாத்திரை அநேகமாக இருக்கும், பாருங்கள். அதை உருவாக்கிய கெர்ட்ரூட் எலியனும் ஹிட்சிங்ஸும் 1988இல் நோபல் வாங்கினார்கள். தினசரி மாத்திரைக்குப் பரிசு உண்டு, வாரம் ஒருமுறை விழுங்கும் மெத்தோட்ரெக்சேட்டுக்கு இல்லை. பிள்ளைக்கு இரண்டும் கசப்புதான்.

சுப்பாராவின் பெயர் எங்கேதான் இருக்கிறது என்றால், நம் பக்கத்திலேயே இருக்கிறது. தண்டையார்பேட்டையில் நான் சிறுவனாக இருந்தபோது, இரவு ஒன்பது மணிக்கு மேல் ‘ஃபைலேரியாக்காரர்கள்’ வருவார்கள். தூங்கும் பிள்ளைகளை எழுப்பி, விரலில் குத்தி, கண்ணாடித் துண்டில் இரத்தத்தைத் தேய்த்துக்கொண்டு போவார்கள். யானைக்கால் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் இரத்தத்தில் உலாவும் என்பது அப்போது தெரியாது. பேய் பிடிக்க வருகிறார்கள் என்று கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வேன். கால்வாயும் கொசுவுமாக இருந்த வடசென்னையில் வீங்கிய காலோடு மீன் கூடை சுமந்த பாட்டிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த நோய்க்கு இன்றும் கொடுக்கப்படும் டி.ஈ.சி. மாத்திரையைப் பற்றிய 1947ஆம் ஆண்டுக் கட்டுரையில், ஆசிரியர் வரிசையில் கடைசிப் பெயர் சுப்பாராவ். உங்கள் கடை அலமாரியில் பழைய பெயர் ஹெட்ராசான் என்று நினைவிருக்கலாம். இரத்தப் புற்றுநோய்க் கதையைவிட, எங்கள் தெருவுக்கு அவர் செய்தது இதுதான். இதை எழுதாமல் அதை எழுதினேன் பாருங்கள்.

மூட்டுவாதச் சீட்டுக்கு வருகிறேன். ரேஷன் கடையில் ஒருவர் கவுண்டருக்கு முன்னால் நின்றுகொண்டு, பொருளும் வாங்காமல் நகரவும் மாட்டேன் என்றால் பின்னால் நிற்கும் வரிசை என்ன ஆகும்? ஃபோலிக் அமிலத்தைச் செல்லுக்குப் பயன்படும்படி மாற்றும் நொதியின் முன்னால் மெத்தோட்ரெக்சேட் அப்படி நிற்கிறது. செல் புது டி.என்.ஏ. எழுத முடியாமல் தவிக்கிறது. மூட்டுவாதத்தில் நோக்கம் செல்லைக் கொல்வது அன்று. சிறிய அளவில் அழற்சியை அடக்குவது. வாய்ப்புண், குமட்டல், ஈரல் பாதிப்பு வராமலிருக்க ஃபோலிக் ஆசிட் துணைக்கு வருகிறது, பெரும்பாலும் வேறு நாளில். இரத்தப் புற்றுநோயில் தவிக்க வேண்டியதே அந்தச் செல்தான். அங்கே சத்து மாத்திரை மருந்தின் கையைப் பிடித்து இழுத்துவிடக் கூடும். அதிக அளவு மெத்தோட்ரெக்சேட் ஏற்றும்போது லூக்கோவோரின் என்ற ஃபோலினிக் அமிலத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பார்கள். ஆனால் அது மருத்துவமனைக்குள், மணி பார்த்துச் செய்கிற வேலை.

‘தற்காலிக’ என்ற சொல் எப்போது உதிர்ந்தது என்பதுதான் மீதி. ஒரே மருந்தால் உதிரவில்லை. பல மருந்துகளைச் சேர்த்து, தண்டுவடத்திலும் மூளையிலும் ஒளியும் செல்லையும் விரட்டி, இரண்டு மூன்று வருடம் விடாமல் கொடுத்து, 1960களின் இறுதியில் மெம்ஃபிஸில் டொனால்ட் பிங்கெலின் குழு பாதிக் குழந்தைகளைக் காப்பாற்றியது. நம் நாட்டுக் கணக்கு வேறு. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் டாக்டர் சாந்தாவும் மற்றவர்களும் 2005இல் ஐரோப்பியப் புற்றுநோய் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அடையாறு உட்பட மூன்று பெரிய மையங்களில் 1984 முதல் ஒரே சிகிச்சை முறையைப் பின்பற்றியதில், நான்கு ஆண்டு நோயின்றி இருப்போர் 20 சதவீதத்துக்கும் கீழே இருந்த நிலையிலிருந்து 45 முதல் 60 வரை உயர்ந்தார்கள் என்கிறது அது. புது மருந்து எதுவும் அந்த ஏற்றத்தைத் தரவில்லை. இருந்த மருந்துகளை ஒரு ஒழுங்கில் கொடுத்ததும், கிருமித் தொற்றிலிருந்தும் இரத்தப்போக்கிலிருந்தும் பிள்ளைகளைக் காத்ததும் தந்தன.

அந்த ஒழுங்கின் கடைசிக் கண்ணி உங்கள் கடை. மெத்தோட்ரெக்சேட் என்ற வார மாத்திரையைத் தினமும் விழுங்கி உயிர் போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. உறையின் மேல் கிழமையை எழுதிக் கொடுக்கிறீர்களா? ‘வாரம் ஒன்று’ என்று எழுதினால் போதாது. ‘செவ்வாய் மட்டும்’ என்று எழுதுங்கள்.

என் பழைய வரியை மாற்றிவிட்டேன். இப்போது அது இப்படி இருக்கிறது: ‘சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த சுப்பாராவ் தலைமை தாங்கிய ஆய்வகத்திலிருந்து, யானைக்கால் நோய்க்கு ஒரு மருந்தும், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைச் சில மாதங்கள் தணித்த ஒரு மருந்தும் வந்தன.’ இதிலும் பிழை இருந்தால் மகளைவிட்டு எழுதச் சொல்லுங்கள்.