சேலத்துல மாடல் ராக்கெட் விட முடியுமா? என்ன வாங்கணும், எவ்ளோ உயரம் போகும்?

கேள்வில சொல்லிருந்தீங்க, பையனுக்கு 11 வயசு, வீடியோ பாத்துட்டு மாடல் ராக்கெட் விடணும்னு தினமும் கேக்குறான்னு. விடலாம்ங்க, தாராளமா விடலாம். நாங்க ஏழெட்டு குடும்பம் சேந்து ரெண்டு வருசமா மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழம விட்டுட்டு இருக்கோம். ஆனா அவன் வீடியோல பாத்த அதே ராக்கெட் இல்ல, அத மொதல்ல சொல்லிடுறேன்.

வெளிநாட்டுல விடுறது அட்டைக் குழாய், பால்சாங்கிற லேசான கட்டைல றெக்கை, உள்ள கருப்பு மருந்து அடைச்ச விரல் சைஸ் மோட்டார். அது மேல சி6-5ன்னு ஏதாச்சும் எழுதிருக்கும். சி-ங்கிறது மோட்டாரோட மொத்த பலம், ஒவ்வொரு எழுத்து ஏற ஏற அந்த பலத்தோட எல்லை ரெண்டு மடங்காகும். 6-ங்கிறது சராசரியா 6 நியூட்டன் விசைல தள்ளும்னு அர்த்தம். 5-ங்கிறது எரிஞ்சு முடிச்சு 5 செகண்ட் கழிச்சு உள்ளயே ஒரு குட்டி வெடி வெடிச்சு பாராசூட்ட வெளிய தள்ளும்னு. அந்த மோட்டார் நம்மூர் கடைல சாக்லேட் மாதிரி வாங்குற சாமான் இல்ல. லைசென்ஸ் இல்லாம வெடிமருந்து தயாரிக்கிறது 1884 வெடிபொருள் சட்டப்படி குத்தம். அதவிட முக்கியம், தயவுசெஞ்சு பட்டாசப் பிரிச்சு மருந்தெடுத்து நாமளே செஞ்சிக்கலாம்னு மட்டும் யாரும் எறங்காதீங்க, கை போயிடும், கண்ணு போயிடும்.

நாங்க விடுறது தண்ணி ராக்கெட். 2 லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில், உள்ள 600 மில்லி கிட்ட தண்ணி, சைக்கிள் பம்புல 60 பிஎஸ்ஐ காத்து, அவ்ளோதான். கேக்க வெளையாட்டு சாமான் மாதிரி இருக்கும், ஆனா அந்த வாய் வழியா தண்ணி பீச்சுற மொத கணத்துல கிட்டத்தட்ட 30 கிலோ தள்ளு விசை வருது. கண்ண சிமிட்டுறதுக்குள்ள தண்ணி தீந்துரும், மீதி தூரம் பூரா வந்த வேகத்துலயே போறதுதான். வெறும் காத்த மட்டும் அடைச்சு விட்டா ஒரு எழும்பு எழும்பி விழுந்துரும், காத்துக்கு எடை ரொம்பக் கம்மி. பின்னால தள்ளிவிட ஒரு கனம் வேணும், அதுக்குத்தான் தண்ணி.

பாட்டில் கட்டாயமா சோடா, கூல்டிரிங்ஸ் வந்த பாட்டிலா இருக்கணும், அடில அஞ்சு கால் மாதிரி குமிழ் இருக்கும் பாருங்க, அது. குடிதண்ணி பாட்டில் வேணவே வேணாம், அது அழுத்தம் தாங்க செஞ்சதில்ல. என் பொண்ணு இதக் கேட்டப்ப அவளுக்கு சங்ககிரி கோட்டைய வெச்சுதான் சொன்னேன், நம்ம கோயம்புத்தூர் ரோட்டுல போறப்ப தெரியுமே, திப்பு சுல்தான் காலத்துல மைசூர் படை இருந்த கோட்டை. அந்தப் படையோட ராக்கெட் அப்ப மத்தவங்க ராக்கெட்ட விட தூரம் போனதுக்கு பெரிய காரணமே குழாய்தான், காகிதக் குழாய்க்கு பதிலா இரும்புக் குழாய் போட்டாங்க, உள்ள அழுத்தம் கூடுனாலும் தாங்குச்சு. 1799-ல சீரங்கப்பட்டணம் விழுந்தப்புறம் வெள்ளைக்காரன் அதத் தூக்கிட்டுப் போய்ப் பாத்துத்தான் அவனோட படைக்கு காங்கிரீவ்ங்கிற ராக்கெட்டே வந்துச்சு. ஆக, எந்தக் காலத்துலயும் குழாய் எவ்ளோ தாங்கும்ங்கிறதுதான் மொத கேள்வி.

லாஞ்சருக்கு, அதாவது ராக்கெட்ட நிறுத்தி விடுற ஸ்டாண்டுக்கு, அரை இஞ்ச் பிவிசி பைப், ஒரு ஓ-ரிங் ரப்பர், சுத்தி ஏழெட்டு கேபிள் டை, அதுங்களோட தலை பாட்டில் கழுத்த புடிச்சிருக்கும், மேல ஒரு வளையம் போட்டு அழுத்தி வெச்சிட்டு கயித்த இழுத்தா வளையம் எறங்கும், பாட்டில் கெளம்பிரும். காத்து உள்ள போக பைக் டயர் வால்வு. எல்லாமே ஒரு ஹார்டுவேர் கடைலயும் பஞ்சர் கடைலயும் முடிஞ்சிரும்.

இப்ப நெஜமான விசயம். உயரத்த அப்புறம் பாக்கலாம், மொதல்ல அதே ராக்கெட்ட ரெண்டாவது தடவ விட முடியுதான்னு பாருங்க. நாங்க மொத மூணு மாசம் உயரத்துக்கே ஆசப்பட்டு பாட்டில் பாட்டிலா ஒடச்சோம். என் பொண்ணு செஞ்ச மொத ராக்கெட் தென்னை மர உயரம் போறதுக்குள்ள நடு ஆகாசத்துல குட்டிக்கரணம் போட்டு பக்கவாட்டுல பாஞ்சிருச்சு, புள்ள அழுதுட்டா. காரணம் எடை எல்லாம் பின்னாடி இருந்துச்சு. தீபாவளி ராக்கெட்டுல குச்சிய ஒடிச்சிட்டு விட்டா தெருவுல கண்டபடி ஓடுமே, அதே கதைதான். எடை மையம் முன்னாடி, காத்து அழுத்துற மையம் பின்னாடி, ரெண்டுக்கும் நடுவுல கொறஞ்சது பாட்டில் அகலம் அளவுக்கு எடவெளி வேணும். எடை மையம் ஈசி, தண்ணி இல்லாம வெரல் மேல நிறுத்திப் பாத்தா தெரிஞ்சிரும். இன்னொன்னுக்கு ராக்கெட்டோட உருவத்த அப்டியே அட்டைல வெட்டி அந்த அட்டைய நிறுத்திப் பாப்போம், அது துல்லியம் இல்லன்னாலும் நம்ம வேலைக்கு போதும்.

எங்க குரூப்ல ஒரு அண்ணன் செவ்வாப்பேட்டை பக்கம் கொலுசு பட்டறைல வேல பாக்குறவரு. அவரு பட்டறைல பழசாகிப்போன எலக்ட்ரானிக் தராச ஒருநாள் கொண்டாந்தாரு, அன்னிலருந்து மூக்குல வெக்கிற களிமண்ண வெள்ளி நிறுக்குற மாதிரி கிராம் கணக்குல நிறுக்குறோம். பொண்ணோட ராக்கெட்டுக்கு 40 கிராம் வெச்சோம், பத்தல, 65 வெச்சோம். எடை மையத்துல நூலக் கட்டி தலைக்கு மேல சுத்துனா மூக்கு போற தெசையப் பாத்து நேரா நின்னுச்சு. இந்த சுத்துற டெஸ்ட் பாஸ் ஆகாம எங்ககிட்ட எந்த ராக்கெட்டும் லாஞ்சர் ஏறாது.

பாராசூட் குப்பைக் கவர்ல வெட்டுறோம், எட்டு கயிறு, பூ கட்டுற நூலே போதும். மடிக்கிறப்ப உள்ள கொஞ்சம் முகத்துக்குப் போடுற பவுடர் தூவுங்க, இல்லன்னா ஈர பிளாஸ்டிக் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு விரியாது. ஒருதடவ அப்டி விரியாம ஈட்டி மாதிரி எறங்கி ஈர மண்ணுல ஒரு சாண் சொருகிருச்சு, மூக்குல எடையும் இருக்கு பாருங்க, யார் தலையிலயாச்சும் விழுந்திருந்தா நெனச்சே பாக்க முடியல. அதுலருந்து லாஞ்சர இழுக்குற கயிறு 10 மீட்டர், எல்லாரும் நின்னுட்டே மேல பாக்கணும், ஒக்காந்து போன் பாக்கக் கூடாது, காத்து ஏறின பாட்டில் கிட்ட யாரும் போகக் கூடாது, கெளம்பலன்னாலும் தூரத்துலருந்தே காத்த எறக்கிட்டுத்தான் போகணும்.

எடம்னா பனமரத்துப்பட்டி பக்கம் குச்சிக்கிழங்கு புடுங்கி முடிச்ச காடு, ஓனர்கிட்ட கேட்டுட்டுத்தான், ஜருகுமலை எதுத்தாப்ல தெரியும். காலைல ஆறரைக்கே ஆரம்பிச்சிருவோம், ஒம்போதுக்கு மேல காத்து கெளம்பிரும். கருவேல முள்ளு இருக்குற ஏரிப்பக்கம் போகாதீங்க, பாராசூட் கிழிஞ்சிரும். காமலாபுரம் ஏர்போர்ட் இருக்குறதால ஓமலூர் பக்கமே வேணாம். ஏற்காட்டுல ஒருதடவ முயற்சி பண்ணோம், சில்வர் ஓக் மரத்துல மாட்டுன ராக்கெட் இன்னும் அங்கதான் இருக்கும்னு நெனக்கிறேன், எஸ்டேட் மரத்துல நாம ஏறவும் முடியாது.

அந்த 65 கிராம் ராக்கெட் பத்தி சொல்லி முடிச்சிடுறேன். மூணாவது தடவ விட்டப்ப பொண்ணுதான் கயிறு இழுத்தா. புஸ்ஸ்னு ஒரு சத்தம், லாஞ்சர் பூரா தண்ணி, அண்ணாந்து பாக்குறதுக்குள்ள மேல போயிருச்சு, உச்சில மூக்கு கழண்டு கருப்பு பாராசூட் பட்டுனு விரிஞ்சுது, ஜருகுமலைய பாத்தாப்ல மெதுவா மெதுவா எறங்குச்சு. இன்னொரு ராக்கெட் விட்டப்ப கெளம்பி நாலே மீட்டர்ல விழுந்துச்சு, ஓடிப்போய் எடுத்துப் பாத்தா உள்ள வெள்ளையா பனிமூட்டம் சுத்திட்டு இருக்கு, காத்து படக்குனு விரியிறப்ப குளுந்து போறதால வர்ற மூட்டம் அது, பசங்க அதப் பாக்குறதுக்குன்னே ஓடுவாங்க.

உயரம் கேட்டிருந்தீங்கல்ல. பாகைமானில நூலும் நட்டும் கட்டிக்கிட்டு 40 மீட்டர் தள்ளி ஒருத்தர் நிப்பாரு. பொண்ணு ராக்கெட்டுக்கு அன்னிக்கு 42 டிகிரி காட்டுச்சு, கண் உயரமும் சேத்தா 37 மீட்டர் வருது. அதே பாட்டில்ல அன்னிக்கு இன்னும் நாலு தடவ விட்டோம்.