சுவிட்சைத் தொடுமுன்: 16 மி.மீ. புரொஜெக்டர் கேள்வி பதில்

பழைய புரொஜெக்டரை விலைக்கு வாங்கியவர்களும் பரணில் கண்டெடுத்தவர்களும் கேட்ட கேள்விகள் இவை. பதில் சொல்பவர் தென் மாவட்டங்களின் கோவில் கொடைகளிலும் பள்ளிகளிலும் 22 ஆண்டுகள் 16 மி.மீ. அகலப் படச்சுருள்களை ஓட்டியவர். இப்போது பழைய கருவிகளைப் பழுதுபார்க்கிறார்.

ஐயா, தாத்தா ஊர் ஊராகப் படம் காட்டிய 16 மி.மீ. புரொஜெக்டர் 30 ஆண்டுகளுக்குப் பிறகு பரணிலிருந்து இறங்கியிருக்கிறது. சுவிட்சைப் போட்டுப் பார்க்கலாமா?

பொறுங்கள் தம்பி. 30 ஆண்டுகள் சும்மா கிடந்த கருவிக்கு இன்னும் ஒரு வாரம் பெரிதல்ல. உள்ளே போட்ட கிரீஸ் இந்நேரம் வேப்பம்பிசின் போல இறுகியிருக்கும். ரப்பர் பெல்ட் வெடித்திருக்கும், அல்லது உருகித் தார் போல ஒட்டிக்கொண்டிருக்கும். மோட்டார் பலம் கொண்டு இழுக்கும். பல்சக்கரம் திரும்ப மறுக்கும். அது பிளாஸ்டிக் பல்சக்கரமாக இருந்தால் அந்த இடத்திலேயே பிளந்துவிடும். அதற்கு மாற்று கிடைப்பது அரிது.

முதலில் பக்கவாட்டில் உள்ள குமிழைக் கையால் சுற்றுங்கள். விளக்குக்கும் லென்ஸுக்கும் நடுவே படம் இறங்கும் இடுக்கைக் கேட் என்போம். அதற்குள் ஒரு சிறு கொக்கி வெளியே வரும், கீழே இழுக்கும், உள்ளே போகும், மேலே ஏறும். அதைக் கிளா என்போம். படத்தைக் கட்டம் கட்டமாக இறக்குவது அதுதான். ஒரு முழுச் சுற்று தடையின்றி வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. இறுகியிருந்தால் வலுக்கட்டாயமாகத் திருகாதீர்கள். பழைய கிரீஸை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து எடுத்துவிட்டுப் புதிதாக இடுங்கள். எண்ணெய்த் துளைகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டுப் போதும். மிஞ்சினால் அது படச்சுருளில்தான் வந்து சேரும்.

அதன் பிறகே மின்சாரம். புரொஜெக்டர் விளக்கைக் கழற்றிவிட்டு, எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரியஸ் விளக்கு வழியாக, அதாவது மின்பாதையில் தொடராக ஒரு குண்டு பல்பைச் சேர்த்து, இணைப்புக் கொடுங்கள். அந்தக் குண்டு பல்பு முழு வெளிச்சத்தில் நின்று எரிந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது என்று பொருள். உடனே அணைத்துவிட்டுக் கெபாசிட்டர்களையும் வயர்களையும் சோதிக்கக் கொடுங்கள்.

படம் ஓடும்போது திடீரென்று துள்ளுகிறது. திரையில் எல்லாம் மேலும் கீழும் இழுபடுகிறது. லென்ஸ் கோளாறா?

லென்ஸ் பாவம், அதை விட்டுவிடுங்கள். லூப் போய்விட்டது. மேலே, படத்தின் ஓரத் துளைகளில் பல் மாட்டிச் சுழலும் பல்லுருளை படத்தை ஒரே சீராக ஊட்டுகிறது; கேட்டுக்குள் கிளா நொடிக்கு 24 முறை நிறுத்தி நிறுத்தி இழுக்கிறது. இந்த இரண்டு ஓட்டத்துக்கும் இடையே விடும் தொய்வுதான் லூப். கேட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. அது சுருங்கினால் படம் துள்ளும். கவனிக்காமல் விட்டால் துளை கிழியும். மாட்டி முடித்ததும் குமிழைக் கையால் சுற்றி, லூப் விறைக்கிறதா, எங்காவது உரசுகிறதா என்று பார்த்த பிறகே மோட்டாரைப் போடுங்கள். அத்தனை ஆண்டுகளில் ஒரு நாளும் இதை நான் தவிர்த்ததில்லை.

கீழ் லூப்பில் இன்னொரு சங்கதி உண்டு. 16 மி.மீ. படத்தில் ஒலித்தடம், அதாவது ஓரத்தில் ஒலி பதிந்திருக்கும் பட்டை, தனக்குரிய காட்சிக்கு 26 கட்டம் முன்னால் இருக்கும். லூப்பைப் பெரிதாகவோ சிறிதாகவோ விட்டால் வாயசைவு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம் போகும்.

படம் தெரிகிறது, சத்தம் வரவில்லை.

ஒலித்தடத்தின் மேல் ஒளி பாய்ச்சும் சிறு விளக்கு, எக்சைட்டர் விளக்கு, எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால், அந்த ஒளி ஒலித்தடத்தில் விழும் இடத்தில் ஒரு அட்டையை வேகமாகக் குறுக்கே ஆட்டுங்கள். ஸ்பீக்கரில் 'டொக் டொக்' என்று கேட்டால் ஆம்ப்ளிஃபயர் பிழைத்திருக்கிறது. அந்த விளக்குக்கு முன்னால் உள்ள சிறு லென்ஸைத் துடைத்தால் போதும்.

அமெரிக்காவிலிருந்து அண்ணன் வாங்கி வந்த கருவி. 120 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தும் குரல்கள் கட்டையாக இழுக்கின்றன.

டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை, அதாவது மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலையடிக்கிறது என்ற கணக்கை, மாற்றாது. அங்கே 60, இங்கே 50. மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பின்பற்றிச் சுழலும் மோட்டாராக இருந்தால் நொடிக்கு 24 கட்டம் ஓட வேண்டியது 20 கட்டம்தான் ஓடும். 50 ஹெர்ட்ஸுக்கான கப்பி மாட்ட வேண்டும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்வது?

நாள் கணக்கே இல்லை. ஒவ்வொரு ரீல் முடிந்ததும் கேட்டைத் திறந்து துடைக்க வேண்டும். 400 அடி ரீல் 11 நிமிடம். அதற்குள் படத்தின் மேலுள்ள பசைப்பூச்சின் துகள்கள், கேட்டில் படத்தை அழுத்திப் பிடிக்கும் தகட்டில் மிளகு போல ஒட்டிக்கொள்ளும். அந்த ஒரு துகள் அடுத்த ரீல் முழுவதும் கோடு கிழித்துக்கொண்டே போகும். மெல்லிய தூரிகை, பிடிவாதமான அழுக்குக்கு மரப் பல்குத்தி. ஊசி, பிளேடு கிட்டே வரக் கூடாது. காட்சி முடிந்தால் முதலில் விளக்கை அணைத்து, விசிறியைச் சில நிமிடம் ஓடவிடுங்கள். புது ஹாலோஜன் பல்பை வெறும் விரலால் தொட வேண்டாம். விரலின் பிசுக்கு பட்ட இடத்தில் கண்ணாடி சூடேறிக் கெட்டுவிடும்.

பழைய டப்பாவைத் திறந்தால் புளித்த காடி வாடை அடிக்கிறது.

அது அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன படச்சுருள் சிதையத் தொடங்கிய வாடை. வெளிவரும் அமிலமே சிதைவை மேலும் விரட்டும். அந்தச் சுருளை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்துவிடுங்கள். டப்பாவை டேப் போட்டு அடைக்காதீர்கள், காற்றோட்டம் வேண்டும். சுருங்கிய படத்தின் துளைகள் பல்லுருளையில் பொருந்தாது. அதை ஓட்டாமல் ஸ்கேன் செய்யக் கொடுங்கள்.

இத்துடன் ஒரு எச்சரிக்கை. கையில் இருப்பது 16 மி.மீ. படமாக இருந்தால் தீப்பயம் பெரிதில்லை. அந்த அளவு 1923இல் வந்ததே எளிதில் தீப்பற்றாத படமாகத்தான். 1950களுக்கு முந்தைய 35 மி.மீ. சுருள் என்றால் அது எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் படமாக இருக்கலாம். எரியும்போது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே கொடுத்துக்கொள்ளும், தண்ணீருக்குள்ளும் எரியும். வீட்டில் வைக்க வேண்டாம், கொளுத்திச் சோதிக்கவும் வேண்டாம். புணேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள்.

என் பெற்றோரின் 1972ஆம் ஆண்டுத் திருமணப் படம் ஒரு சிறிய ரீலில் இருக்கிறது. 8 மி.மீ. என்கிறார்கள். அம்மாவுக்கு இப்போது 74 வயது. அவருக்குச் சுவரில் போட்டுக் காட்ட ஆசை.

போட்டுக் காட்டலாம் அம்மா, ஆனால் அவசரம் வேண்டாம். 8 மி.மீ.யில் இரண்டு வகை. துளை பெரிதாக, இரண்டு கட்டங்களுக்கு நடுவில் இருந்தால் சாதா 8. சிறிதாக, கட்டத்தின் நடுப்பக்கத்தில் இருந்தால் சூப்பர் 8. ஒன்றுக்கான கருவியில் மற்றொன்றைப் போட்டால் துளை கிழியும். வெண்பூஞ்சை தெரிந்தால் ஈரத்துணி படவே கூடாது; பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரைந்து, முகங்களே அழிந்துபோகும். முதலில் ஸ்கேன் செய்து ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பிறகு வேண்டாத ஒரு படத்தை அந்தப் புரொஜெக்டரில் மூன்று முறை ஓட்டி, கோடு விழவில்லை என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். நான்காவது முறை அம்மாவின் படத்தை மாட்டலாம். அவரைச் சுவருக்கு அருகில் உட்கார வையுங்கள்.