மழை பெய்யாத நாளிலும் மலைக்காட்டு மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டுமாமே, உண்மையா?

உண்மைதான். கேள்வியைப் பார்த்தால், கோத்தகிரி பக்கம் இடம் வாங்கிப் போட்டுவிட்டுத் தண்ணீருக்கு அலைகிறீர்கள் என்று தோன்றுகிறது. இல்லையென்றால் மன்னிக்கவும்.

எங்களுக்கு நீலகிரியில் மஞ்சூர் பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை. ஊர்ப் பெயரிலேயே மஞ்சு இருக்கிறது. சமவெளிக்காரர்கள் பனிமூட்டம் என்பதைத்தான் சொல்கிறேன். தோட்டத்துக்கு மேலே ஒரு துண்டுச் சோலை, அதாவது இயற்கையான மலைக்காடு, அதன் காலடியில் ஊற்று. நான் ஏழாவது படிக்கும்போது அப்பா அந்தச் சோலையில் பாதியை வெட்டித் தேயிலை வைத்தார். இலைக்கு நல்ல விலை இருந்த நேரம், அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் நாலைந்து வருஷத்தில், பங்குனியிலும் குடம் நிறைத்த ஊற்று மாசியிலேயே வெறும் கசிவாகச் சுருங்கிவிட்டது. மழை குறைந்துபோச்சு என்றார் அப்பா. அதுவும் இருக்கலாம். ஒரே காரணம் மரம்தான் என்று நான் சொன்னதாக யாரும் பின்னூட்டத்தில் வராதீர்கள்.

அப்பாவுக்குப் பிறகு மீதிச் சோலையையும் எடுத்துவிடலாம் என்று மச்சான் நின்றார். ஒரு ஜூன் கடைசி, நாலு நாளாக மழையே இல்லை, கேரளப் பக்கப் பள்ளத்திலிருந்து மஞ்சு மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. இரண்டு எண்ணெய் டின்னை எடுத்து ஒன்றை வெட்டவெளியிலும் இன்னொன்றை நாவல் மரத்தடியிலும் வைத்தேன். காலையில் வெளி டின்னின் அடி ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். மரத்தடி டின்னில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர், மேலே ஒரு பழுப்பிலை மிதந்தது.

'சொட்டுற கிளைக்குக் கீழே பாத்து வெச்சா அப்படித்தான் இருக்கும் மாப்ளே' என்றார் மச்சான். நியாயம்தான். இடம் மாற்றி மூன்று டின் வைத்தேன். ஒன்றில் ஒன்றுமே இல்லை, இரண்டில் இருந்தது. இதே மாதிரிச் சோதனையை முன்பே ஒருவர் செய்திருக்கிறார்: தென்னாப்பிரிக்காவில், கேப் டவுன் டேபிள் மலையில் 1902-03 கோடையில் மார்லோத் என்ற தாவரவியலாளர் இரண்டு மழைமானி வைத்து, ஒன்றின் மேல் மட்டும் நாணலைச் செருகினார். அதில் 16 மடங்கு தண்ணீர் சேர்ந்தது. அவரையும் விடவில்லை, கேள்வி கேட்டார்கள்.

விஷயம் இதுதான். மஞ்சில் இருப்பதும் தண்ணீர்த் துளிதான், ஆனால் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு இருக்கும். லட்சத்துக்கு மேல் சேர்ந்தால்தான் ஒரு சின்ன மழைத்துளி. அது கீழே விழாது, காற்றோடு பக்கவாட்டில் போகும். வாயை மேலே பார்த்துத் திறந்து வைத்த மழைமானியில் பெரிதாக எதுவும் சிக்காது. சோலை மரமோ குட்டையாக, நெருக்கமாக, கிளையெல்லாம் பாசியும் தாடி மாதிரித் தொங்கும் கற்பாசி இனங்களுமாக நிற்கும். காற்று அதற்குள் நுழைந்து போகும்போது துளிகள் ஒட்டி, கூடி, சொட்டும். இலை நனைந்திருக்கும் நேரத்தில் மரமும் மண்ணிலிருந்து அதிகம் உறிஞ்சாது.

எந்த மரமானாலும் சரி என்று கிளம்பிவிடாதீர்கள். எங்கள் மாவட்டத்தின் கிளென்மார்கனில் புல்வெளி ஓடைப்பகுதியில் 1968 முதல் ஓடைநீரை அளந்து, பிறகு தைல மரம் வைத்துப் பார்த்தார்கள். மரத்தை நட்டு வெட்டும் முதல் சுற்றிலேயே ஓடைநீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. தைல மரத்திலும் மஞ்சு சொட்டும்தான், ஆனால் அது குடிப்பது அதைவிட அதிகம். புல்வெளியை வெறும் தரிசு என்று நினைத்து வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வாட்டில் என்ற சீமை மரமும் தைலமுமாக நட்டதற்கு இன்றைக்கும் அனுபவிக்கிறோம்.

இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: தேயிலையைப் பறித்து மூட்டை கட்டித் தொழிற்சாலைக்கு அனுப்பினால், மஞ்சில் நனைந்த ஈரம் என்று சொல்லி எடையில் கழிக்கிறார்கள். அந்தத் தண்ணீருக்காவது கணக்கு உண்டு!

மீதிச் சோலை நிற்கிறது, மச்சானும் பேச்சை விட்டுவிட்டார். அப்பா வெட்டிய இடத்தில் இரண்டு வரிசைத் தேயிலையைப் பிடுங்கிவிட்டு ஏழு சோலைக் கன்று வைத்தோம். நாலைக் காட்டுமாடு தின்றது. மீதி மூன்று இப்போது என் இடுப்பளவு. தண்டில் இன்னும் பாசி ஏறவில்லை.